படக்கருவி பார்க்காத இறுதியாட்டம்: சிறுவயதில் கண்ட மலேசியக் கிண்ணம்

ஷா ஆலம் 94 (தொடக்கப் பதிவு)

மலேசிய மாநில அணிகளோடு சிங்கப்பூரும் ஆடிய மலேசியக் கிண்ணக் காற்பந்துப் போட்டியின் இறுதியாட்டத்தைச் சிறுவயதில் அரங்கிற்கே சென்று பார்த்தவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் இந்த இழையைத் தொடங்குகிறேன். 1994ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள் ஷா ஆலம் அரங்கில் சிங்கப்பூரும் பகாங்கும் மோதிய இறுதியாட்டத்திற்கு அப்பா என்னை அழைத்துச் சென்றபோது எனக்கு ஒன்பது வயது. சிங்கப்பூர் 4-0 என்று வென்றதும், அந்த நான்கில் மூன்றை அப்பாஸ் சாட் அடித்ததும் எல்லாருக்கும் தெரிந்தவை. என்னைச் சில காலமாக உறுத்துவது வேறொன்று. அந்தக் கோல்களை நினைக்கும்போது அவை மனத்தில் எந்தப் பக்கத்திலிருந்து தெரிகின்றனவோ, அந்தப் பக்கத்தில் நாங்கள் உட்காரவே இல்லை. எங்கள் இடம் ஒரு கோல் கம்பத்திற்குப் பின்னால், மிக உயரத்தில் இருந்தது. மனத்தில் ஓடும் காட்சியோ ஆடுகளத்தின் பக்கவாட்டிலிருந்து, நடுக்கோட்டிற்கு நேராக, அதாவது தொலைக்காட்சிப் படக்கருவி நின்ற இடத்திலிருந்து தெரிகிறது. வீட்டில் இருந்த ஒளிநாடாவை அடுத்த பல ஆண்டுகள் தேயத் தேயப் போட்டுப் பார்த்ததில், என் கண் கண்டது கரைந்துபோய், அந்த இடத்தில் படக்கருவி கண்டது குடியேறிவிட்டது.

ஆகவே உங்களிடம் ஒன்று கேட்கிறேன். எந்தப் படக்கருவியும் காட்டியிருக்க முடியாத, நீங்கள் மட்டுமே கண்டிருக்கக்கூடிய எது உங்களிடம் மிஞ்சியிருக்கிறது?

என்னிடம் மிஞ்சியதை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் நிறுவனத்து நண்பர்கள் சேர்ந்து வாடகைக்கு எடுத்த பேருந்தில் விடியற்காலையிலேயே கிளம்பினோம். உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் சிவப்புச் சட்டைக்காரர்களின் வரிசை எங்கே முடிகிறது என்று தெரியாத அளவுக்கு நீண்டிருந்தது. கடற்பாலத்தைத் தாண்டும்போது எங்களுக்கு முன்னும் பின்னும் பேருந்துகளே நின்றன. அவற்றின் சன்னல்களிலெல்லாம் கொடிகள் தொங்கின. அரங்கின் படிகளில் ஏறி, இருண்ட வழி ஒன்றின் வழியாக நடந்து, வெளிச்சத்தில் கால் வைத்தபோது கீழே தெரிந்த பச்சை நிறத்தை அதற்குப் பிறகு வேறெங்கும் நான் பார்த்ததில்லை. அப்பா என் தோளில் கை வைத்து, எதுவும் பேசாமல், என்னைச் சற்று நேரம் அங்கேயே நிற்கவிட்டார்.

முதல் கோல் விழுந்தபோது எனக்குத் தெரிந்தது, முன்வரிசையில் எழுந்து நின்ற ஒருவரின் இடுப்புவாரும் அவர் சட்டையின் வியர்வைக் கறையும்தான். சத்தம் காதில் விழுவதற்கு முன்பே காலடியில் இருந்த கான்கிரீட் வழியாக ஏறி வந்தது. அப்பா என்னைத் தூக்கித் தோளில் ஏற்றியபோது ஆட்டக்காரர்கள் ஏற்கெனவே ஒருவரையொருவர் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

மெர்டேகா உயர்வரிசை

தம்பி, நல்ல கேள்வி. நான் கோலாலம்பூர்க்காரன், பிறப்பிலிருந்தே சிலாங்கூர் ஆதரவாளன். உங்களுடைய மகிழ்ச்சியான இறுதியாட்டத்திற்கு மாற்றாக, நாங்கள் தோற்ற ஒன்றைப் பற்றி எழுதுகிறேன்.

1975 முதல் 1981 வரை நடந்த ஏழு இறுதியாட்டங்களிலும் சிங்கப்பூர் ஆடியது. 1977 தவிர மற்ற ஆறிலும் அதன் எதிரணி சிலாங்கூர்தான். அந்த ஆறில் ஐந்தை நாங்கள் வென்றோம். எனக்கு வாய்த்தது நாங்கள் தோற்ற அந்த ஒன்று. 1980இல் எனக்கு எட்டு வயது. அதற்கு முந்தைய ஆண்டு 2-0 என்று வென்ற ஆட்டத்திற்கு அண்ணனை மட்டும் அழைத்துச் சென்ற அப்பா, நான் அழுது தீர்த்ததைப் பொறுக்காமல், அடுத்த ஆண்டு என்னை அழைத்துச் செல்வதாக வாக்களித்திருந்தார்.

அப்போது எங்கள் வீட்டில் ஒளிநாடாக் கருவி கிடையாது. அந்த ஆட்டத்தை நான் மறுபடியும் பார்த்ததே இல்லை என்பதால், என்னிடம் இருப்பது கலப்படமில்லாதது என்று சொல்லத் துணிவேன். ஆனால் அது மிகக் குறைவு. பதின்ம வயதில் இருந்த ஃபாண்டி அகமது வெற்றிக் கோலை அடித்து 2-1 ஆக்கினார் என்று இன்று சொல்கிறேன் என்றால், அது பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டது. நான் கண்டது பந்து வலையில் கிடந்ததை மட்டுமே. அது அங்கே போன விதத்தை நான் காணவில்லை, ஏனென்றால் அந்த நொடியில் விளக்குக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கோலாலம்பூர் மெர்டேகா அரங்கின் அந்த நான்கு கான்கிரீட் கோபுரங்களும் ஒரு சிறுவனுக்கு ஆட்டத்தைவிடப் பெரிய காட்சி. விளக்குகளைச் சுற்றி ஈசல்கள் பொடிப்பொடியாகப் பறந்தன. கீழே குனிந்தபோது எங்கள் பக்கம் முழுவதும் அடங்கிப்போயிருந்தது. எதிர்ப்பக்கத்தில் ஒரு மூலை மட்டும் எழுந்து ஆடியது. அத்தனை ஆயிரம் பேர் ஒன்றாக வாய்மூடியிருப்பதை அதற்கு முன் நான் அறிந்ததில்லை. இன்றும் இறுதியாட்டம் என்றால் எனக்கு முதலில் வருவது அந்த அமைதிதான்.

சில ஆண்டுகளுக்கு முன் என் மகனை அழைத்துக்கொண்டு மெர்டேகா அரங்கைப் பார்க்கச் சென்றேன். சுதந்திரம் அறிவிக்கப்பட்ட 1957ஆம் ஆண்டுத் தோற்றத்திற்கே அரங்கைத் திருப்பிச் சீரமைத்திருக்கிறார்கள். பிற்காலத்தில் கட்டிச் சேர்த்த இருக்கை வரிசைகளை அகற்றிவிட்டார்கள். வரலாற்றை மதித்துச் செய்த நல்ல வேலைதான். ஆனால் நானும் அப்பாவும் உட்கார்ந்திருந்த உயர்ந்த வரிசைகள் அகற்றப்பட்டவற்றுள் அடங்கும். "எங்கே உட்கார்ந்தீர்கள் அப்பா?" என்று மகன் கேட்டபோது வெற்று வானத்தைத்தான் காட்ட முடிந்தது.

ஷா ஆலம் 94

ஐயா, எங்கள் நிலையும் அதுவே. ஷா ஆலம் அரங்கையும் இடித்துவிட்டார்கள். காலாங்கில் இருந்த எங்கள் பழைய தேசிய அரங்கம் அதற்கு முன்பே போய்விட்டது. நீங்கள் ஈசல்களைப் பற்றி எழுதியதைப் படித்தவுடன் வேலையை நிறுத்திவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். நான் கேட்டது இதைத்தான்.

சுங்கைப்பட்டாணி வாசகி

நான் கெடாக்காரி. 1990ஆம் ஆண்டு இறுதியாட்டத்திற்குச் சென்றபோது எனக்குப் பத்து வயது.

அந்த ஆண்டு ஏன் அவ்வளவு பெரிதாக இருந்தது என்பதைச் சொல்ல, அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளைச் சொல்ல வேண்டும். 1987, 1988, 1989 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் கெடா இறுதியாட்டத்திற்குப் போனது. மூன்றிலும் கோலாலம்பூர் அணியிடமே தோற்றுத் திரும்பியது. எங்கள் தோட்டத்தில் மூன்று ஆண்டுகளும் பேருந்து பிடித்துப் போன பெரியவர்கள், மறுநாள் காலையில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு இறங்கியதை நாங்கள் சன்னலில் நின்று பார்த்திருக்கிறோம். நான்காம் முறை சிலாங்கூருடன் ஆட்டம் என்றதும், குடும்பத்தோடு போவது என்று மாமா முடிவு செய்தார். பெண் பிள்ளையை ஆண்களோடு மட்டும் அனுப்ப முடியாது என்று அப்பா மறுத்துவிட்டதால், எனக்குத் துணையாக அம்மாவும் வர வேண்டியதாயிற்று. அம்மாவுக்குக் காற்பந்தில் துளியும் ஈடுபாடு கிடையாது. பேருந்தில் ஏறியது முதல் மறுநாள் துவைக்க வேண்டிய துணிகளைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்.

வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை அப்போது முழுமை பெறவில்லை. முடிந்திருந்த பகுதிகளில் வேகமாகவும், மற்ற இடங்களில் பழைய சாலையில் ஊர்களுக்குள் புகுந்தும் சென்றோம். தைப்பிங்கிலும் ஈப்போவிலும் சாலையோரம் நின்றவர்கள் எங்கள் பச்சை மஞ்சள் கொடிகளைப் பார்த்துக் கையசைத்தது நினைவிருக்கிறது.

கெடா 3-1 என்று வென்றது. அந்த மூன்றில் இரண்டை நான் பார்த்தேன். ஒன்றை நான் கேட்டேன். ஆட்டத்தின் நடுவே எனக்குக் கழிப்பறைக்குப் போக வேண்டியதாகிவிட்டது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கீழே அழைத்துச் சென்றார். திரும்பி வரும்போது, இருக்கை வரிசைகளுக்கு அடியில், வெறிச்சோடிய ஒரு நடைவழியில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். அப்போது தலைக்கு மேல் இடி இறங்கியது. கூட்டத்தின் நடுவே இருந்தால் நாமும் சேர்ந்து கத்துவோம், அதனால் அந்தச் சத்தம் எவ்வளவு பெரியது என்பது நமக்குத் தெரிவதில்லை. அடியில் நின்றால்தான் தெரிகிறது. ஆயிரக்கணக்கான கால்கள் ஒரே நேரத்தில் எழும்பிக் குதிப்பதை நான் கீழிருந்து கேட்டேன். சுவர்களிலிருந்து சுண்ணாம்புத் தூள் உதிர்ந்தது. எந்தப் படக்கருவியும் காட்டாதது என்னிடம் இதுதான்.

வானொலிப் பிள்ளை

எல்லாரும் எழுதுவது உருக்கமாக இருக்கிறது. ஆனால் கேள்வி அமைந்திருக்கும் விதத்தோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஒளிநாடாவால் கலந்த நினைவு தூய்மை குன்றியது என்று தொடக்கப் பதிவர் கருதுவதாகத் தோன்றுகிறது. பகாங்கில் ஒரு தோட்டத்தில் வளர்ந்த எனக்கு அரங்கிற்குப் போகும் வாய்ப்பே கிடைக்கவில்லை. 1983இல் பகாங் சிலாங்கூரை 3-2 என்று வென்றதை, பக்கத்து வீட்டு வானொலியைச் சுற்றி உட்கார்ந்திருந்த இருபது பேரோடு சேர்ந்து கேட்டேன். அதில் என் சொந்தக் கண் கண்டது எதுவுமே இல்லை. வர்ணனையாளரின் குரல், பெரியவர்கள் இடையிடையே தந்த விளக்கம், அடுத்த நாள் நாளிதழில் வந்த ஒரு மங்கிய படம் ஆகிய மூன்றையும் சேர்த்து நானே கட்டிக்கொண்டதுதான் என் இறுதியாட்டம். அது பொய் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

அரங்கில் இருந்தவர்களும் அப்படிக் கட்டிக்கொண்டவர்களே என்பது என் கருத்து. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு முன்னால் நிற்பவரின் முதுகு தெரியும். மற்றதை வீட்டுக்குத் திரும்பும் வழியில் பெரியவர்கள் சொல்லித்தான் அவன் அறிவான். சொன்னவர் அப்பா என்றால் அது தூய்மை, தொலைக்காட்சி என்றால் கலப்படம் என்று பிரிப்பது சரியாகுமா?

ஷா ஆலம் 94

நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கலப்படம் என்ற எண்ணத்தை விட்டுவிடுகிறேன். ஆனாலும் ஒரு வேறுபாட்டை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. நீங்கள் வானொலியில் கேட்டதை வானொலியில் கேட்டதாகவே நினைவில் வைத்திருக்கிறீர்கள். உங்கள் நினைவில் அந்த இருபது பேரும் இருக்கிறார்கள். என் நினைவில் ஒளிநாடா, தான் ஒளிநாடா என்று சொல்லாமல் வந்து உட்கார்ந்துவிட்டது. என் அப்பா உட்கார்ந்திருந்த இடத்தை அது எடுத்துக்கொண்டதால்தான் எனக்கு வருத்தம்.

ஜெலுத்தோங் பெரியவர்

பினாங்கிலிருந்து எழுதுகிறேன். வயது அறுபதைக் கடந்துவிட்டது. தட்டச்சில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1977ஆம் ஆண்டு மே மாதம் மெர்டேகாவில் பினாங்கும் சிங்கப்பூரும் மோதின. தந்தையாருடன் நானும் போயிருந்தேன். கூடுதல் நேரத்தில் 3-2 என்று தோற்றோம். வெற்றிக் கோலை அடித்தவர் குவா கிம் சோங். அவருடைய பெயரைச் சில ஆண்டுகள் எங்கள் வீட்டில் யாரும் எடுக்கவில்லை.

என் தந்தையாரைப் பற்றி ஒன்று சொல்கிறேன். அவர் துறைமுகத் தொழிலாளி. பினாங்கு அணிக்கு உயிரைக் கொடுப்பார். ஆனால் அன்று சிங்கப்பூர் அணியில் எஸ். ராஜகோபால் இருந்தார். அவர் தனி உதை எடுத்தால் பந்து வாழைப்பழம்போல் வளைந்து போகும் என்று அந்தக் காலத்தில் எல்லாரும் சொல்வார்கள். அணித்தலைவர் சமாட் அல்லாப்பிச்சை; அவரையும் தந்தையார் நம்மவர் என்றே சொல்வார். சுற்றிலும் பினாங்கு ஆதரவாளர்கள் நிறைந்திருந்த அந்த வரிசையில், ராஜகோபால் பந்தைத் தொடும்போதெல்லாம் தந்தையார் மடியில் வைத்திருந்த கைகளை மெல்லத் தட்டிக்கொண்டதை நான் பார்த்தேன். சத்தம் வராமல் தட்டினார். நான் பார்ப்பதைப் பார்த்ததும் நிறுத்திவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு புளிப்பு மிட்டாயை எடுத்துக் கொடுத்தார். வீட்டில் யாரிடமும் சொல்லாதே என்று அவர் சொல்லவில்லை. ஆனால் அந்த மிட்டாய் அதற்காகத்தான் என்று எனக்குப் புரிந்தது. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மெர்டேகா உயர்வரிசை

ஐயா, உங்கள் தந்தையாரைப் போலவே என் அப்பாவும் இருந்திருப்பார் என்று நினைக்கிறேன். எங்கள் பக்கம் அந்தச் சங்கடம் எழாமல் போனதற்குக் காரணம் ஆர். ஆறுமுகம். நாட்டின் கோல் காவலரே சிலாங்கூர்க்காரராக இருந்தபோது எங்களுக்கு வேறு எவரையும் திருட்டுத்தனமாக ரசிக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. நீண்ட கைகளால் அவர் பந்தைப் பறித்ததைப் பார்த்து மற்றவர்கள் ஸ்பைடர்மேன் என்றார்கள். என் பாட்டி, முருகனுக்குப் பன்னிரண்டு கை, இவனுக்கு இரண்டே போதும் என்பார். 1988 டிசம்பரில் ஆறுமுகம் சாலை விபத்தில் இறந்தபோது வீட்டில் ஒருவர் இறந்ததுபோல் அன்று அடுப்பு எரியவில்லை.

இந்தக் கிண்ணம் இருந்ததால்தான் இத்தனை பேருக்கு இத்தனை ஊர்ப்பற்று வந்தது. மலாயா என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலின் மாலுமிகள் கொடுத்த கோப்பையை வைத்து 1921இல் தொடங்கிய போட்டி, நாங்கள் பிறப்பதற்குள் ஒவ்வொரு மாநிலத்தின் தன்மானமாகவே மாறிவிட்டது.

காலாங் சகோதரி

நானும் சிங்கப்பூர்தான், 94இல் ஷா ஆலம் போன பேருந்துகளில் ஒன்றில் நானும் இருந்தேன், எனக்குப் பதின்மூன்று வயது. திரும்பும் வழியைப் பற்றி யாரும் எழுதவில்லையே என்று எழுதுகிறேன்.

அரங்கில் நடுவரைப் பார்த்து "ரெஃபரி காயு" என்று கத்தியவர்கள், மரக்கட்டை நடுவரே என்று ஏசியவர்கள், திரும்பும் பேருந்தில் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து குழந்தைகள்போல் தூங்கினார்கள். வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறந்து மூன்று மாதங்களே ஆகியிருந்தன. கறுப்பாக, புதிதாக இருந்தது. ஓய்விடம் ஒன்றில் நின்றபோது, பகாங் ஆதரவாளர்களின் பேருந்தும் பக்கத்தில் வந்து நின்றது. எங்கள் பேருந்தில் எல்லாரும் பாட்டை நிறுத்திவிட்டார்கள். பகாங் சட்டை அணிந்த ஒரு முதியவர் இறங்கி வந்து, எங்கள் ஓட்டுநரிடம் தீப்பெட்டி வாங்கிச் சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு, ஃபாண்டி எங்களுக்கும் வென்று கொடுத்தவன்தான் என்று மலாயில் சொல்லிவிட்டுப் போனார். 1992இல் ஃபாண்டி பகாங் அணியில் ஆடி இதே கிண்ணத்தை வென்றது அப்போது எனக்குத் தெரியாது, அப்பாதான் விளக்கினார்.

அடுத்த ஆண்டு சிங்கப்பூர் இந்தப் போட்டியிலிருந்து விலகிக்கொண்டது. 96இல் எங்களுக்கென்று எஸ்-லீக் என்ற உள்நாட்டுக் காற்பந்துத் தொடர் வந்தது. அப்பா என்னை அதற்கும் அழைத்துப் போனார். நல்ல ஆட்டங்கள் இருந்தன. ஆனால் எல்லை தாண்டிப் போவதற்கு ஒரு காரணம் இல்லாமல் போயிற்று. கடவுச்சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு காற்பந்து பார்க்கப் போன பிள்ளைகளின் காலம் எங்களோடு முடிந்துவிட்டதுபோல் தோன்றுவது எனக்கு இன்றும் வலிக்கிறது.

ஷா ஆலம் 94

இந்த இழையை நேற்று மாலை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அவருக்கு இப்போது எழுபத்திரண்டு வயது. கண் சற்று மங்கிவிட்டது. ஜெலுத்தோங் ஐயாவின் தந்தையாரைப் பற்றிய பகுதியை இரண்டு முறை படிக்கச் சொன்னார்.

பிறகு முதல் கோலைப் பற்றிப் பேசினோம். அந்தக் கோலை அவர் எங்கள் உறவினர்களுக்கு எத்தனையோ முறை விவரித்திருக்கிறார். பந்து வந்த விதம், காவலர்கள் நின்ற நிலை, எல்லாவற்றையும் கையால் காட்டிச் சொல்வார். அதனால் அவர் நினைவிலாவது அது எங்கள் இருக்கையிலிருந்து தெரிகிறதா என்று கேட்டேன். அவர் சற்றுத் தயங்கிவிட்டு, தான் அதைப் பார்க்கவில்லை என்றார். முன்வரிசைக்காரர்கள் எழத் தொடங்கியதும், பையனுக்குத் தெரியாதே என்று என்னைத் தூக்குவதற்காகக் குனிந்திருக்கிறார். நிமிர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவர் சொல்லி வந்ததும் அதே ஒளிநாடாவிலிருந்து எடுத்ததுதான்.

வானொலிப் பிள்ளை அவர்களுக்கு நான் எழுதிய பதிலைத் திரும்பப் பெற வேண்டுமா என்று தெரியவில்லை. இருவருமே பார்க்காத ஒரு கோலை முப்பது ஆண்டுகளாக இருவரும் சேர்ந்து வைத்திருந்திருக்கிறோம். அவர் அதைச் சொன்னபோது எனக்கு இழப்பாகத் தோன்றவில்லை. அவருடைய கை என் அக்குளில் அழுந்திய இடம் நினைவிருக்கிறது. அதைக் கேட்டபோது, நான் அப்போது எடை கூடுதலாக இருந்ததாகச் சொன்னார்.

சுங்கைப்பட்டாணி சகோதரியிடம் அப்பாவுக்கு ஒரு கேள்வி இருக்கிறது. அரங்கின் அடியில் நின்றபோது கேட்ட அந்தச் சத்தம் கெடாவின் கோலுக்கு எழுந்தது என்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது? எதிரணி கோல் அடித்தாலும் அரங்கம் அதிரும் அல்லவா?

சுங்கைப்பட்டாணி வாசகி

அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். எனக்குத் தெரியவில்லை என்பதே உண்மை. நான் பயந்துபோய் அம்மாவைப் பார்த்தேன். துணி துவைப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்த அம்மா மேலே அண்ணாந்து, "நம்ம பக்கம்தான்" என்று சொல்லிவிட்டு, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியில் ஓடினார். ஓடும்போது ஒரு கால் செருப்பு கழன்று விழுந்தது. அதை எடுக்க நிற்கவில்லை. ஆட்டம் முடிந்து இறங்கும்போது மாமாவும் அண்ணன்களும் சேர்ந்து அந்தப் படிகளில் தேடினார்கள். கிடைக்கவில்லை. அம்மா சுங்கைப்பட்டாணி வரை ஒற்றைச் செருப்போடுதான் வந்தார்.